புகையெண்டா எந்தப் புகை?

போன இதழ் கடைசியில, பல்கனியில கறுப்புத் தூசு படியிறதைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கு, அடுத்த முறை சொல்லுறன் எண்டு ஒரே ஒரு வரிதான் போட்டனான். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாத்திலயும் புகை, புகை, புகைதான். சரி, இந்த முறை வாடகைக்காரன் பிரச்சினை, கல்யாணப் பொருத்தம், கிரிக்கெட் எல்லாத்தையும் தள்ளி வைச்சிட்டு இதையே பாப்பம். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில இரசாயனவியல் படிப்பிச்ச ஆளிட்ட இதைக் கேட்டா வாய் நிக்காது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: நாங்க இருக்கிறது வெள்ளவத்தையில, காலி வீதியைப் பாத்த மாதிரி மூண்டாம் மாடி. காலமை துடைச்ச பல்கனிக் கம்பி பின்னேரம் பாத்தா கறுத்துப் போய் இருக்கு. இவர் சொல்லுறார் கடல் காத்துக்குப் பிடிக்கிற கறளாம். நான் சொல்லுறன் பஸ் புகை. ஆர் சரி?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கட சண்டையைத் தீர்க்க ஒரு வெள்ளை டிசூ காணும். கம்பியை ஒருக்காத் துடைச்சிட்டு அந்த டிசூவை விரலால தேச்சுப் பாருங்கோ. நறநறவெண்டு இருந்தா அது ரோட்டு மண், டயர் தேஞ்ச தூள், பிறேக் தூள். செம்மண் நிறம் தெரிஞ்சா உங்கட இவர் வெண்டிட்டார், கறள்தான். ஆனா கண்மை மாதிரி வழுவழுவெண்டு இழுபட்டு, சோப் போட்டுக் கழுவினாலும் விரல் ரேகைக்குள்ள நிண்டா அது கரி, அரைகுறையா எரிஞ்ச டீசல். நானும் உங்கட ரோட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறன், உங்கட கேள்வியைப் பாத்திட்டு நானும் துடைச்சுப் பாத்தன், மூண்டும் கலந்துதான் இருந்தது, ஆனா கரிதான் கூட.

அது ஏன் வருது எண்டா, டீசல் என்ஜினுக்குள்ள எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியா விசிறித்தான் எரிக்கிறது. துளிட வெளிப்பக்கம் காத்துப் பட்டு எரியும், நடுவுக்க இருக்கிறதுக்கு ஒட்சிசன் போய்ச் சேர முதல் அது சூட்டில வெந்து கரியாப் போயிடும். பஸ் ஹோல்ட்டில நிண்டிட்டு ஒரு இறுக்கு இறுக்கி எடுக்கேக்க பின்னால கறுப்பாத் தள்ளுறதைப் பாக்கிறனீங்கதானே, அந்த நேரம் எண்ணெய் குபீரெண்டு போகுது, அந்தளவுக்குக் காத்து உள்ள வரேல்ல. பில்டர் அடைச்சிருந்தா, எண்ணெயை விசிறுற இன்ஜெக்டர் தேஞ்சிருந்தா, இல்லாட்டி மலிவுக்கு டீசலோட மண்ணெண்ணெய் கலந்திருந்தா இன்னும் மோசம்.

ஆனா நீங்க துடைக்கிற கறுப்புக்குப் பெருசாப் பயப்பிட வேண்டாம். அது பாரமான துகள், அதனாலதான் கம்பியில வந்து குந்தியிருக்கு. எனக்குப் பயம் கம்பியில குந்தாத துகளுக்குத்தான். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சின்னன், பிஎம் 2.5 எண்டு சொல்லுறது அதைத்தான், ஒரு தலைமயிர்ட தடிப்பில இருவத்தஞ்சில முப்பதில ஒரு பங்கு. மூக்கு மயிரும் பிடிக்காது, தொண்டைச் சளியும் பிடிக்காது, நேர நுரையீரல்ட அடிக்குப் போய், அதில நல்லாச் சின்னனா இருக்கிறது இரத்தத்துக்கும் போகும். டீசல் புகை மனிசருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012லயே முதலாம் வகுப்பில போட்டிட்டுது, சிகரெட் இருக்கிற அதே வகுப்பு.

இன்னொண்டு, நீங்க ரோட்டுக்குக் கடல் பக்கமா, மற்றப் பக்கமா எண்டு எழுதேல்ல. பகல்ல காத்து கடல்ல இருந்து உள்ளுக்கு அடிக்கும். அப்ப மற்றப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குக் கடல் காத்து சும்மா வராது, காலி வீதியைக் கடந்து அங்க இருக்கிறதை எல்லாம் அள்ளிக்கொண்டுதான் வரும். "சீ பிறீஸ் வரும்" எண்டு சொல்லி வாடகை கூட்டிக் கேக்கிற ஆக்கள் இதைச் சொல்ல மாட்டினம். ரோட்டுப் பக்கத்து யன்னலைக் காலமையும் பின்னேரமும் ட்ரபிக் கூடின நேரம் பூட்டி, மற்றப் பக்கத்து யன்னலைத் திறந்து விடுங்கோ. தூசைக் காய்ஞ்ச துணியால தட்டாதேங்கோ, ஈரத்துணியால துடைக்கோணும், தட்டினா அது திரும்பக் காத்துக்குத்தான் போகும்.

கேள்வி: ஐயா, நான் கொட்டாஞ்சேனையில த்ரீவீல் ஓடுறன். ஃபோர் ஸ்ட்ரோக். சைலன்சரால ஒரு பொட்டுப் புகை வராது, ஆனா இந்த முறை புகைப் பரிசோதனையில பெயில். மெசின் பிழையா, இல்லாட்டிக் காசு எதிர்பாக்கிறாங்களா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: தம்பி, நாங்க எல்லாரும் அதைப் "புகை டெஸ்ட்" எண்டு சொல்லிச் சொல்லியே வந்த குழப்பம் இது. டீசல் வண்டிக்குத்தான் அவங்கள் புகைட கறுப்பை அளக்கிறது. பெற்றோல் வண்டிக்கு குழாயைச் சைலன்சருக்குள்ள விட்டு அளக்கிறது ரெண்டு சாமான், ஒண்டு காபனோரொட்சைட்டு, மற்றது எரியாமல் வாற பெற்றோல் ஆவி, அதான் ஐதரோகாபன். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, பெற்றோல் ஆவியும் கண்ணுக்குத் தெரியாது. அதால உங்கட த்ரீவீல் சுத்தமாத் தெரிஞ்சும் பெயிலாகலாம், மெசினைத் திட்டாதேங்கோ.

எயார் பில்டரைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, வெளிச்சம் தெரியாட்டி மாத்துங்கோ. பிளக்கைக் கழட்டுங்கோ, நுனி கரிப்பிடிச்சு கறுத்திருந்தா பெற்றோல் கூடப் போகுது எண்டு அர்த்தம், காபரேற்றரைச் சரி பண்ணோணும், மண்ணிறமா இருந்தா பறவாயில்லை. டெஸ்டுக்குப் போகேக்க வீட்டில இருந்து நேர போய் லைன்ல நிக்காமல் நாலஞ்சு கிலோமீற்றர் ஓடிச் சூடாக்கிக்கொண்டு போங்கோ, குளிர்ந்த என்ஜின்ல எரியிறது எப்பவும் அரைகுறைதான். சில மெக்கானிக் பாஸ்மார் டெஸ்டுக்கு மட்டும் ஸ்குரூவை இறுக்கி விட்டிட்டு பாஸாகின பிறகு திரும்பத் தளர்த்தி விடுவினம், "இல்லாட்டி இழுவை இல்லை" எண்டு சொல்லுவினம். கூடப் போற பெற்றோல் உங்கட காசு தம்பி. எரியாமல் போற ஒவ்வொரு சொட்டுக்கும் நீங்கதான் பெற்றோல் செட்டில லைன்ல நிண்டு குடுத்தது, 2022 தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டோட நிண்டது மறந்திட்டுதே?

ஒரு காலத்தில கொழும்பு முழுக்க டூ ஸ்ட்ரோக் த்ரீவீல்தான், பின்னால நீலப் புகை, அது பெற்றோலோட சேந்து எரியிற என்ஜின் ஒயில். அந்த என்ஜின்ல உள்ள வாற பெற்றோல்ல ஒரு பங்கு எரியாமலே வெளிய போயிடும், அதுட அமைப்பே அப்பிடி. 2008ல அதை இறக்குமதி பண்ணுறதை நிப்பாட்டினாங்கள், அதே வருசக் கடைசியிலதான் மேல் மாகாணத்தில இந்தப் பரிசோதனையும் தொடங்கினது. புறக்கோட்டையில பஸ்ஸால இறங்கினா அப்ப கண் எரியும். இப்பவும் எரியிறதுதான், ஆனா அது வேற எரிவு.

கேள்வி: மகன்ட பாடப்புத்தகக் கணக்கு ஒண்டு. ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வருமாம். ஒரு லீட்டர் பெற்றோல் ஒரு கிலோ கூட நிறை இல்லையே, மிச்சம் எங்கால வந்தது?
(பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: காத்தால வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்ட உங்கட மகனுக்கு என்ட செலவில ஒரு ஐஸ்கிரீம் வேண்டிக் குடுங்கோ. ஒரு லீட்டர் பெற்றோல் 750 கிராம் அளவுதான் வரும், அதில காபன் மட்டும் 640 கிராம் அளவு. ஒரு காபன் அணு 12 எண்டா அது பிடிச்சுக்கொள்ளுற ரெண்டு ஒட்சிசனும் சேந்து 32, மொத்தம் 44. அப்ப 640ஐ 44ஆல பெருக்கி 12ஆல பிரிச்சா 2300 கிராமுக்குக் கொஞ்சம் கூட வரும். தாங்கியில இருந்தது 640 கிராம், மிச்சம் முழுக்க எங்கட காத்தில இருந்த ஒட்சிசன். இது புகைக் கணக்கில சேராத வாயு, இருமல் வராது, கண் எரியாது, பூமிச் சூட்டுக்குத்தான் இது கணக்கு.

கேள்வி: என்ட மகளுக்கு ஆறு வயசு. ஒவ்வொரு வருசமும் மார்கழி, தை மாசம் வந்தா முட்டு இழுக்கத் தொடங்கும், நெபுலைஸ் பண்ணாமல் ஒரு வருசம் போறேல்ல. வைகாசி, ஆனியில பிள்ளை நல்ல சுகம். பனிதான் காரணம் எண்டு மாமி சொல்லுறா, தொப்பி போட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புறா. போன்ல எயார் குவாலிட்டி பாத்தா 150, 160 எண்டு காட்டுது, அது எவ்வளவு கூட?
(தெமட்டகொடை வாசகி)

பதில்: முதல்ல ஒண்டு, இன்ஹேலரையும் டொக்டரையும் விடாதேங்கோ, நான் சொல்லுறது அதுக்கு மேல.

நீங்க மாசத்தைக் கவனிச்சது நல்ல விசயம். வைகாசியில இருந்து புரட்டாசி மட்டும் எங்களுக்குத் தென்மேல் பருவக்காத்து, அது இந்து சமுத்திரத்துக்கு மேலால ஆயிரக்கணக்கான மைல் வாறது, அங்க தொழிற்சாலையும் இல்லை பஸ்ஸும் இல்லை, மழையும் காத்தைக் கழுவிவிடும். ஐப்பசி கார்த்திகைக்குப் பிறகு காத்து வடகிழக்கால திரும்பும். அப்ப இந்தியாப் பக்கம் எரியிற நிலக்கரி, வைக்கோல், விறகு எல்லாத்திட நுண்துகளும் கடல் கடந்து எங்களுக்கு மேலால வருது. அதோட விடிய வெள்ளன நிலம் குளிர்ந்து, மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், கொழும்பு வாகனங்கள்ட புகை அந்த மூடிக்குக் கீழ நிண்டு தேங்கும். மாமி "பனி" எண்டு சொல்லுற வெள்ளை மூட்டம் பாதி இதுதான். மாமியோட சண்டைக்குப் போகாதேங்கோ, மார்கழி எண்டு அவ பிடிச்ச மாசம் சரி, தொப்பி போட்டாத் தடுக்கலாம் எண்டது மட்டும்தான் பிழை.

2022 மார்கழியில மாண்டஸ் புயல் நேரம் ஞாபகம் இருக்குமே, காலி முகத்திடல்ல நிண்டா பக்கத்துக் கட்டிடமே மங்கலாத் தெரிஞ்சது, டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை நாடு முழுக்க அரசாங்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினாங்கள். இலங்கையில காத்துக்காகப் பள்ளிக்கூடம் பூட்டினதை நான் அண்டைக்குத்தான் கண்டன். ஊரில இருந்து தம்பி போன் எடுத்து "அண்ணை உங்க ஏதும் எரியுதே" எண்டு கேட்டான், அங்கயும் அதே மூட்டம்தானாம்.

போன்ல வாறது சுட்டெண், மைக்ரோகிராம் இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளாதேங்கோ. அந்தச் சுட்டெண் 100க்கு மேல போனா முட்டுக்காரப் பிள்ளைகளும் வயசாளிகளும் கவனம், 150க்கு மேல போனா எல்லாருக்கும் கூடாது. மைக்ரோகிராம் கணக்குக்கு வந்தா, 2008ல எங்கட நாட்டில வைச்ச சட்ட எல்லை பிஎம் 2.5க்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீற்றர் காத்தில 50, வருசச் சராசரி 25. உலக சுகாதார நிறுவனம் 2021ல தன்ட அளவை இறக்கி நாளைக்கு 15, வருசத்துக்கு 5 எண்டு வைச்சுது. அப்ப எங்கட சட்டப்படி "சரி" எண்டு சொல்லுற ஒரு நாள் அவங்கட கணக்கில மூண்டு மடங்கு கூட. ஆர் சொல்லுறது சரி எண்டு என்னட்டக் கேட்டா, உங்கட மகள்ட நெஞ்சைக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

அந்த மாதிரி நாள்ல விடியக்காலமை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம், ஓடேக்க பிள்ளை உள்ள இழுக்கிற காத்து பல மடங்கு. மாஸ்க் போடுறதெண்டா என்95 மாதிரி ஒண்டு முகத்தோட ஒட்டி நிக்கோணும், நீல சேர்ஜிக்கல் மாஸ்க் பக்கத்தால எல்லாம் விடும், அதோட இந்த ரெண்டு மாஸ்க்கும் வாயுவைப் பிடிக்காது, துகளைத்தான் பிடிக்கும். ஸ்கூல் வான் கேற்றடியில என்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிண்டா டிரைவர் அண்ணையிட்ட மரியாதையாச் சொல்லி நிப்பாட்டச் சொல்லுங்கோ, பிள்ளைட மூக்கு சைலன்சர்ட உயரத்துக்குக் கிட்டத்தான் இருக்குது.

கேள்வி: புறக்கோட்டையில கடை வைச்சிருக்கிறன். கரண்ட் போனா போட எண்டு புது பெற்றோல் ஜெனரேற்றர் ஒண்டு வேண்டி, களவு போயிடும் எண்ட பயத்தில கடைக்குப் பின்னால ஸ்டோர் ரூமுக்குள்ள வைச்சிருக்கிறம், யன்னல் ஒண்டு திறந்துதான் இருக்கும். பெடியளுக்கு அடிக்கடி தலையிடி எண்டு சொல்லுறாங்கள், வேலைக்குக் கள்ளமோ எண்டு தெரியேல்ல.
(புறக்கோட்டை வாசகர்)

பதில்: கள்ளம் இல்லை ஐயா, இந்த இதழ் கையில கிடைச்ச உடன அந்த ஜெனரேற்றரை வெளிய எடுங்கோ. மற்றக் கேள்வியளை ஆறுதலா வாசிக்கலாம்.

2022 பங்குனிக் கடைசி, நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள்கள். நாங்க இருக்கிற பிளாட்டுக்குக் கீழ ஒராள் ஜெனரேற்றரைப் படிக்கட்டுக்கு அடியில வைச்சு ஓட விட்டவர். புகையே இல்லை, அதால ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, சத்தத்துக்கு மட்டும்தான் எல்லாரும் முணுமுணுத்தது. ராத்திரி பத்து மணி போல எனக்குத் தலையிடி, மனிசிக்கு ஓங்காளம், ரெண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்ட ரின் மீன்ல குத்தம் சொல்லிக்கொண்டு இருந்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழும்பேக்க தடுமாறி விழுந்த பிறகுதான் எனக்கு மண்டையில ஏறினது, முப்பது வருசம் போர்ட்டில எழுதிக் காட்டினவன், என்ட மூக்குக்குக் கீழ நடக்கேக்க எனக்கே தெரியேல்ல. எல்லாரையும் மொட்டை மாடிக்கு ஏத்திட்டு கீழ போய் அதை நிப்பாட்டினம். ஒரு மணித்தியாலத்தில தலையிடி குறையத் தொடங்கினது, பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டு போய் ஒட்சிசன் குடுத்தவை, நல்ல காலம்.

இது காபனோரொட்சைட்டிட வேலை. பெற்றோலோ, விறகோ, கரியோ, கேஸோ, எதுவா இருந்தாலும் காத்துக் காணாமல் எரிஞ்சா இது வரும். எங்கட இரத்தத்தில ஒட்சிசனைத் தூக்கிக்கொண்டு போறது ஹீமோகுளோபின், இந்த வாயு அதோட ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிக்கும். பஸ் சீற்றில ஒராள் இருந்திட்டு எழும்பாட்டி மற்றாள் எங்க இருக்கிறது, அதுதான் கதை. நல்ல காத்துக்கு வந்தாலும் இரத்தத்தில இருக்கிறதில பாதி போக நாலஞ்சு மணித்தியாலம் எடுக்கும். தலையிடி, ஓங்காளம், தலைச்சுத்து, நித்திரை மாதிரி ஒரு சோர்வு, ஒரே இடத்தில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரம் வந்தா சாப்பாட்டையோ பெடியளையோ சந்தேகப்பட முதல் என்ன எரியுது எண்டு பாருங்கோ. யன்னல் திறந்திருக்கு எண்டது கதைக்கு உதவாது. கட்டிடத்துக்கு வெளிய, கதவு யன்னல்ல இருந்து இருவது அடியாவது தள்ளி, சைலன்சர் மற்றப் பக்கம் பாத்த மாதிரி வைக்கோணும். களவுக்குப் பயம் எண்டா சங்கிலி போட்டுப் பூட்டுங்கோ.

கேள்வி: கேஸ் சமையல்ல புகை இல்லை, ஆரோக்கியம் எண்டு நான் சொல்ல, விறகுக் கறிட ருசி வருமா எண்டு மாமியார் சொல்லுறா. நீங்க ஆர் பக்கம்?
(தெஹிவளை வாசகி)

பதில்: ருசிக்கு மாமியார் பக்கம், நெஞ்சுக்கு உங்கட பக்கம். விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால வீட்டுக்குள்ளேயே கெட்டுப் போற காத்தால 2020ல மட்டும் உலகத்தில 32 இலட்சம் பேர் செத்தவை எண்டு உலக சுகாதார நிறுவனத்திட கணக்கு. அந்தப் புகை கூடப் படுறது அடுப்படியில நிக்கிற பொம்பிளையளுக்கும் மடியில இருக்கிற பிள்ளையளுக்கும்தான். என்ட அம்மம்மா அறுபது வருசம் ஊதுகுழலோட அடுப்பு மூட்டினவ, ஒரு நாளும் சுருட்டுப் பிடிச்சதில்லை, ஆனா கடைசிக் காலத்தில பழைய சுருட்டுக்காரர் மாதிரி இருமினவ, கண்ணும் மங்கிப் போச்சு.

2022ல கேஸ் இல்லாத மாசங்கள்ல கொழும்பு மாடி வீடுகள்லயே ஆக்கள் கார் பார்க்கில கல்லு வைச்சுச் சமைச்சவை. அப்ப நான் பாத்தது, விறகெண்டாலும் விறகுக்கு விறகு வித்தியாசம். பச்சை ரப்பர் விறகு வெள்ளைப் புகை கக்கும், ஏனெண்டா சூடு முழுக்கத் தண்ணியை ஆவியாக்கவே போகுது, எரிய வேண்டிய வாயு எரியாமல் மேல போகுது. நல்லாக் காஞ்ச விறகு, சிரட்டை எண்டா புகை சட்டெண்டு குறையும். மாமியார் விடவே மாட்டா எண்டா ஒரு அனகி அடுப்பு வேண்டிக் குடுங்கோ, எண்பதுகள்ல எங்கட நாட்டிலயே செய்து பரப்பின ரெண்டு வாய்க் களிமண் அடுப்பு, முன் வாயில சோறு, பின்னால வாற சூட்டில கறி. விறகு மிச்சம், புகையும் குறைவு, ஆனா திறந்த இடத்தில வைக்கோணும். சண்டே மட்டும் விறகு எண்டு ஒரு ஒப்பந்தம் போட்டுப் பாருங்கோ.

கேஸும் முழுச் சுத்தம் எண்டு நினைக்க வேண்டாம். நீலச் சுவாலை எண்டா கரி வராது, சரி, ஆனா அந்தச் சூட்டில காத்தில இருக்கிற நைதரசனே ஒட்சிசனோட சேந்து நைதரசனீரொட்சைட்டு ஆகும், எரிபொருள்ல நைதரசன் இருக்கோணும் எண்டே இல்லை, சூடு காணும். கார் என்ஜின்லயும் இதே கதைதான். முட்டுக்காரருக்கு இது கூடாது, சமைக்கேக்க யன்னலைத் திறங்கோ. சுவாலை மஞ்சளாகி சட்டிட அடி கறுத்தா பர்னர் ஓட்டையளை ஊசியால குத்தித் துப்பரவாக்குங்கோ.

கேள்வி: நுரைச்சோலை அனல் மின் நிலையத்துப் புகை கொழும்புக்கும் வருமா?
(வத்தளை வாசகர்)

பதில்: புகையா வராது, வேற உருவத்தில வரலாம். நுரைச்சோலை எண்டா 300 மெகாவாற் வீதம் மூண்டு, மொத்தம் 900 மெகாவாற், முழுக்க நிலக்கரி. நிலக்கரியில கந்தகம் இருக்கு, எரிஞ்சா கந்தகவீரொட்சைட்டு, பட்டாசு கொளுத்தின பிறகு மூக்கில ஏறுதே அந்தக் காரம். அது காத்தில போகப் போக சல்பேற்றுத் துகளாகி பிஎம் 2.5ஓட சேந்திடும், துகளான பிறகு நூறு கிலோமீற்றர் எல்லாம் அதுக்குத் தூரம் இல்லை, காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டதுதான் விசயம். சாம்பலில பெரும்பகுதியை மின்சார வடிகட்டியால பிடிச்சு சீமெந்துக்கு விக்கிறாங்கள், ஆனா குவிச்சு வைச்ச கரியும் சாம்பலும் காத்துக்குப் பறந்து பக்கத்துத் தோட்டக்காரர்ட வெங்காயத்தில படியிறதா அந்த ஊர்ச்சனம் கனகாலமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்குது. வத்தளையில இருந்துகொண்டு அவ்வளவு தூரம் பாக்கிற நீங்க, களனி ஆத்துக்கு இந்தப் பக்கம் களனிதிஸ்ஸ மின் நிலையமும் அந்தப் பக்கம் சபுகஸ்கந்தை மின் நிலையமும் இருக்கிறதை மறந்திட்டீங்க போல.

கேள்வி: பக்கத்து வளவுக்காரர் ஒவ்வொரு பின்னேரமும் இலை குழையோட சொப்பிங் பேக், பழைய வயர் எல்லாம் சேத்துக் கொளுத்துறார். சொன்னா "நுளம்புக்கு நல்லது" எண்டுறார்.
(இரத்மலானை வாசகி)

பதில்: அந்தப் புகைக்கு நுளம்பு ஓடும், பின்னால மனிசரும் ஓடோணும். வயர்ட உறை பிவிசி, அதில குளோரின் இருக்கு, எரிஞ்சா ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின் எண்ட நஞ்சும் வரும், டயொக்சின் உடம்புக் கொழுப்பில போய்ச் சேந்தா வருசக்கணக்கா வெளிக்கிடாது. ஒருக்கா நல்ல மாதிரிச் சொல்லுங்கோ, கேக்காட்டி உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பீஎச்ஐ) சொல்லுங்கோ. நுளம்புக்கு வலை போடுங்கோ. நுளம்புச் சுருள் கொளுத்திக்கொண்டு யன்னலைப் பூட்டிப் படுக்கிற ஆக்களும் கேளுங்கோ, ஒரு சுருள் எரிஞ்சு முடியேக்க வாற நுண்துகள் 75இல இருந்து 137 சிகரெட் எரியிறதுக்குச் சமன் எண்டு 2003ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது.

கேள்வி: என்ட காரில இருக்கிற கட்டலிற்றிக் கன்வேட்டரைக் கழட்டித் தந்தா நல்ல விலை தாறன் எண்டு ஒரு பாஸ் கேக்கிறார். அது இல்லாட்டி கார் இன்னும் நல்லா இழுக்குமாம்.
(நுகேகொடை வாசகர்)

பதில்: அவருக்கு வேணும் எண்டது உங்கட காரில இருக்கிற பிளாட்டினம், பலேடியம், ரோடியம், இழுவை எல்லாம் சும்மா சாட்டு. தேன்கூடு மாதிரிக் கண்ணுக் கண்ணா இருக்கிற ஒரு பீங்கான் கட்டி, அதுக்கு மேல இந்த உலோகங்கள மெல்லிசாப் பூசியிருக்கும். சூடேறினாப் பிறகு உள்ள போற காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாவும், எரியாத பெற்றோல் ஆவி அதோட தண்ணியாவும், நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாவும் மாறி வெளிய வரும். பெற்றோல்ல ஈயம் கலந்த காலத்தில இதைப் பூட்டவே ஏலாது, ஈயம் அந்தப் பூச்சை மூடிப்போட்டிடும், எங்கட நாட்டில ஈயப் பெற்றோலை 2002ல நிப்பாட்டினது, உலகத்தில கடைசியா அல்ஜீரியா 2021ல.

என்ட பழைய ஜப்பான் காரை ஒருக்கா டிங்கரிங்குக்கு ஒரு கராஜில விட்டனான், பேர் வேண்டாம். திரும்பி வரேக்க பெயின்ற் நல்ல வடிவு, ஆனா சத்தம் கொஞ்சம் கூட, ஸ்ராட் பண்ணினா கண் எரியுது, டாஷ்போட்டில என்ஜின் லைற். அடுத்த புகை டெஸ்டில பெயிலான பிறகுதான் கீழ குனிஞ்சு பாத்தது, அந்தக் கட்டி இருந்த இடத்தில ஒரு துண்டுக் குழாய் வெல்டிங் பண்ணியிருக்கு. போய்க் கேட்டா "அது வரேக்கயே இல்லை சேர்" எண்டினம். எங்க விட்டாலும் விட முதல் கீழ ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ.

கேள்வி: காலமையில ஸ்ராட் பண்ணினா சைலன்சரால தண்ணி சொட்டுது. என்ஜினுக்குள்ள தண்ணி போயிட்டுதோ?
(மட்டக்குளி வாசகர்)

பதில்: பம்பலப்பிட்டிப் பெடியன்ட கணக்கில விட்ட பாதி இது. பெற்றோல்ல காபனோட ஐதரசனும் இருக்கு, அது எரிஞ்சா தண்ணி, ஒரு லீட்டர் பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி வரும். சூடேறினா ஆவியாப் போறதால தெரியாது, காலமையில குழாய் குளிர்ந்திருக்கிறதால சொட்டுது. ரேடியேற்றர்ல தண்ணி குறையாமலும், சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமலும் இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை, பேசாமல் ஓடுங்கோ.